இடுப்புக்கட்டு

பார்சல் கிடங்கில் எல்லோரும் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பத்து வருடமாக ஒரே மேசை, ஒரே சன்னல், ஒரே வேலை. அட்டைப்பெட்டியை விரித்து மடக்கி, அடியில் டேப் போட்டு, சாமானை வைத்து, இடுக்குகளில் காகிதம் திணித்து, மேலே டேப் போட்டு, முகவரிச் சீட்டை ஒட்டித் தள்ளிவிடுவாள். கிர்ர் என்று டேப் இழுபடும் சத்தத்தை வைத்தே, வந்துவிட்டாள், சாப்பிடப் போய்விட்டாள், திரும்பிவிட்டாள் என்று கூடத்தில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அவள் வாயிலிருந்து வரும் சத்தத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது அத்தனை அபூர்வம்.

ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். அதனாலோ என்னவோ, மேலிடத்து ஆட்கள் கூடத்துக்குள் வந்தால் தலை தானாகக் குனிந்துகொள்ளும். தலைதான் குனியும், கண் குனியாது. யார் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார்கள், யார் யாரோடு நேற்றிலிருந்து பேசுவதில்லை, எந்த வண்டி டிரைவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறார், எல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்டாலும் சொல்லமாட்டாள். கேட்பவரும் இல்லை.

அவளாகக் கண்டுபிடித்தது என்று உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் இடுப்புக்கட்டு.

மேசைக்கு வருவதற்கு முன்னால் இரண்டு வருடம் அவள் வீடு வீடாகப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் இல்லாத கட்டிடங்கள். மகள் அப்போது கைக்குழந்தை. வீட்டில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் அடுப்பைப் பார்க்கிறவளுக்கு, வெளியே பெட்டியை மட்டும் எதற்காக இரண்டு கையாலும் தாங்க வேண்டும் என்று தோன்றியது. பிள்ளை ஏன் இடுப்பில் நிற்கிறது? கனமெல்லாம் நம் பக்கம் சாய்ந்து இருப்பதால். மேசை வேலை கிடைத்ததும் அவள் கனமான சாமானைப் பெட்டியின் நடுவில் வைப்பதை விட்டாள். இடப்பக்கச் சுவரோடு ஒட்டி வைத்து, மீதி இடத்தைக் காகிதத்தால் அடைத்தாள். முகவரிச் சீட்டை வலப்பக்கம் ஒட்டினாள். சீட்டு வெளியே தெரிகிற மாதிரி பெட்டியை எடுத்தால் போதும், கனம் இடுப்புக்கு வந்துவிடும். இன்னொரு கை காலி. மணி அடிக்கலாம், கையெழுத்து வாங்கலாம், நாயை விரட்டலாம்.

பார்சல் கொடுக்கிறவர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். "இது டேப்பக்கா கட்டின பெட்டி, தூக்கினாலே தெரியுது" என்றார்கள். புதிதாக மேசைக்கு வந்தவர்களும் அப்படியே பழகினார்கள். இது எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. மாடி அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இப்படி ஒரு கட்டு இருப்பதே தெரியாது. ஆனால் கிடங்கிலிருந்து வெளியே போன ஒவ்வொரு பெட்டியும் அவள் சொன்ன பக்கம் சாய்ந்துகொண்டுதான் போயிற்று.

மூன்று வருடத்துக்கு முன்னால் சின்னவளுக்கும் அதை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். சின்னவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்படி. "அக்கா, சும்மா வீட்டுல உக்காந்து என்ன பண்ணப்போறேன், எனக்கும் உங்க இடத்துல சொல்லுங்களேன்" என்று கேட்டாள். டேப்பக்கா சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, அரை மணி நேரம் முழுங்கி முழுங்கி, கடைசியில் இரண்டே வார்த்தை சொன்னாள். வேலை கிடைத்தது. பக்கத்து மேசையையே கொடுத்தார்கள். அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. பள்ளிக்கூடம் முடித்தவள், பளிச்சென்று பேசுகிறவள், இங்கே தன்னைப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறாளே என்று.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு மூன்று வருடம்தான்.

ஆற்றுப் பாலத்தில் விரிசல் கண்டு அதை மூடிவிட்டார்கள். அக்கரை கண்ணுக்கு எதிரே இருந்தது. அங்கே மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற பெண்களைக்கூட இங்கிருந்து பார்க்கலாம். ஆனால் பார்சல் வண்டி சுற்றிக்கொண்டு போக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்காகத்தான் கம்பெனியிலிருந்து ட்ரோன் வந்தது. கிடங்கின் மொட்டைமாடியிலிருந்து கிளம்பினால் நாலே நிமிடம், அக்கரை.

சூப்பர்வைசர் எல்லோரையும் கூடத்தில் கூட்டி விளக்கினார். ரெண்டு கிலோவுக்கு மேல் தூக்காது என்றார்.

"மழை வந்தா சார்?" என்று ஒரு டிரைவர் கேட்டார்.

"பறக்காது."

"காத்து பலமா அடிச்சா?"

"பறக்காது."

"அந்தப் பக்கம் வாங்கற ஆளு மாடியில இல்லன்னா?"

"எறங்காது. அஞ்சு நிமிஷம் சுத்திட்டுத் திரும்பி வந்துடும்."

"அப்ப எங்க வீட்டு மாப்பிள்ளன்னு சொல்லுங்க. எல்லாம் சரியா இருந்தாதான் கிளம்புவாரு, அப்படியே கிளம்பினாலும் பாதி வழியில கோவிச்சுக்கிட்டுத் திரும்பிடுவாரு."

கூடமே சிரித்தது. சூப்பர்வைசரும் சிரித்துவிட்டுச் சொன்னார். நாற்பத்தைந்து நாள் சோதனை. நூறு பெட்டி போனால் ஐந்துக்கு மேல் திரும்பி வரக் கூடாது. வந்தால் ட்ரோனை வேறு கிடங்குக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நிலைத்தால் மாடியில் அதைக் கவனிக்க நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும். "மேல வந்து கத்துக்கறதுக்கு யாருக்கு இஷ்டம்?"

டேப்பக்கா குனிந்திருந்தாள். பத்து வருடம் ஆகிறது, அவரே கூப்பிடுவார் என்று நினைத்தாள். "டேப்பக்கா, நீங்கதான் மூத்தவங்க, நீங்க வாங்க" என்று அவர் சொல்வது காதில் விழுந்த மாதிரியே இருந்தது. விழுந்த வார்த்தை வேறு.

"நான் வரேன் சார்."

சின்னவள் கையைத் தூக்கியிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு கை மேலே போயிற்று, அந்தக் கைக்குப் பின்னாலேயே ஆளும் போய்விட்டாள்.

அன்றிலிருந்து டேப்பக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. சின்னவளுக்குப் பச்சை நிறத்தில் ஒரு மேல்சட்டை கொடுத்தார்கள். முதுகில் பட்டையாக மின்னும் கோடு. உட்கார நாற்காலி கொடுத்தார்கள், கை வைத்தது. பத்து வருடமாக நின்றுகொண்டே கட்டுகிறவளுக்கு அந்த நாற்காலியின் இரண்டு கையும் இரண்டு நெஞ்செரிச்சலாக இருந்தது. பெரிய திரை ஒன்று, குடை ஒன்று. மொட்டைமாடியில் சின்னவள் உட்காரும் இடம் சரியாக டேப்பக்காவின் மேசைக்கு மேலே.

"என் தலைக்கு மேலயே ஏறி உக்காந்துட்டா" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். கதவு சன்னல்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற மனுஷர் அவர். நகத்தைச் சுரண்டிக்கொண்டே, "ஏன், கூரை கிரை இடிஞ்சிடும்னு பயமா?" என்றார். அதோடு அவரிடம் சொல்வதை விட்டுவிட்டாள்.

வீட்டிலும் ட்ரோன்தான் பறந்தது. கொழுந்தன் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "என் வீட்டுக்காரி விமானத்துல வேலை" என்றான். வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டின்போது, "இன்னிக்கு எத்தன போச்சும்மா?" என்று சின்னவளைத்தான் கேட்டார். பத்து வருடத்தில் இன்றைக்கு எத்தனை பெட்டி கட்டினாய் என்று ஒரு நாள் கேட்டிருப்பாரா? எல்லாவற்றுக்கும் மேலே மகள். பள்ளிக்கூடத்தில் நமக்குப் பிடித்தவரின் வேலையைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். 'என் சித்தி' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதி, நாலு இறக்கை வைத்துப் படமும் போட்டிருந்தாள்.

"ஏன், அம்மாவப் பத்தி எழுத ஒண்ணும் இல்லையா?"

"உன்னப் பத்தி ஏற்கெனவே எழுதிட்டேனே, ரெண்டாங் கிளாஸ்ல. 'என் அம்மா'ன்னு."

"என்ன எழுதின?"

"அம்மா சோறு போடுவாங்கன்னு."

டேப்பக்கா நோட்டை மூடி வைத்தாள். வயிறு எரிவது என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வதில்லை. அது நிஜமாகவே விலாவுக்குக் கீழே, இடப்பக்கத்தில் எரிந்தது.

இரண்டாவது வாரம் பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாம் இல்லை. சேலை, செருப்பு, புத்தகம் போன்றவை ஒழுங்காகப் போயின. கொஞ்சம் கனமான பெட்டி என்றால், ட்ரோன் மேலே எழும்பும், ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்று முனகும், சில சமயம் அக்கரை மாடி வரைக்கும்கூடப் போய்விட்டு, போன வழியே வந்து இறங்கிவிடும். திரையில் சிவப்பு எழுத்து வரும். ட்ரோனைக் கொண்டுவந்த இன்ஜினியருக்குக் கிடங்கில் கறுப்புக் கண்ணாடி என்று பெயர், வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவர் அதைக் கழற்றுவதே இல்லை. அவர் முதலில் ஆற்றுக் காற்று என்றார். காற்றே இல்லாத நாளிலும் திரும்பி வந்தது. பெட்டிகளை எடைபோட்டுப் பார்த்தார். எல்லாம் ரெண்டு கிலோவுக்குள்தான். இங்கே வருவதற்கு முன்னால் மணல் நிரப்பிய பெட்டிகளை வைத்து முந்நூறு தடவை பறக்கவிட்டுப் பார்த்ததாகவும், ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றும் சொன்னார். கடைசியில் அவர் பார்வை சின்னவளின் மேல் வந்து நின்றது. பெட்டியைப் பிடித்துக்கொள்ள ட்ரோனின் அடியில் ஒரு கவ்வி இருந்தது. அதில் பெட்டியை மாட்டுவது அவள் வேலை.

டேப்பக்காவுக்கு முதல் பெட்டி திரும்பிய அன்றே தெரிந்துவிட்டது.

அவள் மேசைக்கு எதிரே இருந்த சன்னல் வழியாக, ட்ரோன் முற்றத்தைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போவதைப் பார்க்கலாம். நாலு ஃபேனைக் கட்டி விட்டது போல அது போய்க்கொண்டிருந்தது. அடியில் இருந்த பெட்டியின் இடப்பக்கம் தாழ்ந்து, வலப்பக்கம் தூக்கி, அதோடு சேர்ந்து ட்ரோனே ஒருக்களித்துக்கொண்டு போயிற்று. ஒரு பக்க ஃபேன்கள் மட்டும் உயிரைக் கொடுத்துச் சுற்றின. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பெண்பிள்ளை மாதிரியே இருந்தது.

இடுப்புக்கட்டு. ஆனால் அதற்கு இடுப்பு ஏது?

அவள் கையில் டேப் அப்படியே நின்றது. போய்ச் சொல்ல வேண்டியதுதான். கனத்தை நடுவில் வைத்துக் கட்டினால் முடிந்தது, ஒரு நிமிட வேலை. தராசு எத்தனை கனம் என்று சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது, அதனால்தான் அந்தக் கண்ணாடிக்காரருக்குப் பிடிபடவில்லை. இதெல்லாம் அவளுக்கு ஒரு மூச்சில் விளங்கிவிட்டது. அடுத்த மூச்சில் இன்னொன்றும் விளங்கியது. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் திரும்பினால் ட்ரோன் போய்விடும். ட்ரோன் போனால் மாடியில் நாற்காலி இருக்காது. பச்சைச் சட்டை இருக்காது. சின்னவள் பழையபடி பக்கத்து மேசையில் நின்றுகொண்டு, "அக்கா, அந்தக் காகிதத்த இப்படித் தள்ளுங்க" என்பாள்.

டேப்பக்கா அடுத்த பெட்டியை எடுத்தாள். கனத்தை இடப்பக்கம் வைத்தாள். கிர்ர்.

பொய் சொல்லவில்லை. எதையும் கெடுக்கவில்லை. பத்து வருடமாக எப்படிக் கட்டினாளோ அப்படியே கட்டினாள். இதில் யார் என்ன குற்றம் சொல்ல முடியும் என்று தனக்குத்தானே ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்டுக்கொண்டாள். குற்றமில்லாத ஒன்றை ஏன் இருபது தடவை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

உள்ளுக்குள் இன்னொரு முள்ளும் இருந்தது. கட்டு தப்பு என்று சொன்னால், தப்பு அவளுடைய கட்டு. அவளாகக் கண்டுபிடித்த ஒரே பொருள். அதையும் இந்த ஃபேனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதுவும் சின்னவளுடைய ஃபேனுக்கு, வெறும் ஆளாக நிற்க வேண்டுமா?

அக்கரையில் ஒரு தையல்காரி இருந்தாள். தையல் மிஷின் மோட்டார் கேட்டிருந்தாள். சின்னப் பொருள், நல்ல கனம். மூன்று தடவை போய் மூன்று தடவையும் திரும்பிவிட்டது. அவள் தினமும் கிடங்குக்குப் போன் செய்து, "அந்த மோட்டார் எங்க மாடிக்கு நேரா வந்து நின்னு, என்னப் பார்த்துட்டுப் போச்சுங்க. நான் கூப்பிடக் கூப்பிடப் போச்சுங்க" என்று புகார் சொன்னாளாம். கூடமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவளுடைய முகவரிச் சீட்டு டேப்பக்காவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அட்டை நசுங்கியதால் மூன்று தடவையும் புதுப் பெட்டி போட்டவள் அவள்தான். மூன்று தடவையும் மோட்டார் இடப்பக்கம்தான்.

இதற்கிடையில் மாடிப்படியில் ஒரு சின்னக் குழப்பம். தீ அணைக்க வைத்திருந்த மணல் வாளிகளில் மணல் குறைந்துகொண்டே வந்தது. சூப்பர்வைசர் கூடத்தில் வந்து கேட்டார்.

"வாளி மண்ண யாரு எடுக்கறது?"

"பூனையா இருக்கும் சார்" என்றார் அந்த டிரைவர்.

"பூன மண்ணுல வேற வேல செய்யும். எடுத்துட்டா போகும்?"

டேப்பக்காவின் கண்ணுக்கு ஒன்று பட்டது. சாயங்காலம் பஸ்ஸில் சின்னவளின் பச்சைச் சட்டைக் கை மடிப்பில் மணல் துகள் ஒட்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆற்றங்கரைக்குப் போய்க் காற்று வாங்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நாற்காலி போதாதென்று ஆற்றங்கரை வேறு. அன்றைக்கு விலாவில் எரிச்சல் இரண்டு பங்காயிற்று.

நாற்பதாவது நாள். அதுவரை போன பெட்டிகளில் நூற்றுக்கு ஐந்து என்கிற கணக்கைத் தாண்ட இன்னும் ஒன்றுதான் பாக்கி. அன்றைக்கு ஒரு பெட்டி திரும்பினால் மறுநாளே ட்ரோனைக் கழற்றிவிடுவார்கள் என்று கூடம் முழுக்கப் பேச்சு. பதினொரு மணிக்குத் தையல்காரியின் மோட்டார் நான்காவது முறையாக டேப்பக்காவின் மேசைக்கு வந்தது. கட்டினாள். பார்சல்களை மேலே கொண்டுபோகிறவர் அன்று வரவில்லை.

"டேப்பக்கா, அதக் கொஞ்சம் நீங்களே மேல கொண்டுபோய்க் குடுத்துடுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறினாள். ஒரு கை காலியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. எவ்வளவு சுகமாக உட்கார்ந்துவிட்டது பெட்டி.

மொட்டைமாடிக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே சூப்பர்வைசர் குரல் கேட்டது. அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னிக்கு ஒண்ணு திரும்பினாலும் அவ்வளவுதாம்மா. நீ கவ்விய ஒழுங்கா மாட்டறியா இல்லையா?"

"மாட்டறேன் சார்."

"பேக்கிங்ல ஏதாவது கோளாறா?" இது கறுப்புக் கண்ணாடி. "ஏன்னா எனக்கு அந்த சந்தேகமும் இருக்கு."

சின்னவள் கவ்வியைத் திறந்து மூடினாள். பிறகு சொன்னாள், "பேக்கிங்ல ஒரு குறையும் இல்ல சார். எங்க அக்கா கட்டறது. என் கைதான் இன்னும் பழகல. நான்தான் சரியா மாட்டல."

டேப்பக்கா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். குடையின் நிழலில் அன்றைக்குப் போக வேண்டிய பெட்டிகள், வலப்பக்கம் கதவைப் பார்க்க, மற்ற இருவர் கண்ணில் படாதபடி வரிசையாக இருந்தன. எல்லாம் அவள் கட்டியவை. ஒவ்வொன்றின் வலப்பக்கத்திலும், முகவரிச் சீட்டுக்குக் கீழே, சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் டேப் போட்டு ஒட்டியிருந்தது. பொட்டலத்துக்குள் மணல்.

வாளி மணல். சட்டைக் கையில் ஒட்டிய மணல். ஆற்றங்கரையாம், காற்றாம்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருக்குமா, இடுப்புக்கட்டு கற்றுக்கொண்டவள்தானே. கனத்துக்கு எதிர்ப்பக்கம் மணலை வைத்துச் சரிக்கட்டி, போனவரைக்கும் போகட்டும் என்று ஒவ்வொன்றாக அனுப்பியிருக்கிறாள். மணலையும் சேர்த்தால் ரெண்டு கிலோ தாண்டிவிடும் என்று மணல் வைக்காமல் விட்ட பெட்டிகள்தான் திரும்பியிருக்கின்றன. இத்தனை நாள் இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றும், அக்காவின் கட்டு தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் நெஞ்சு இளகியிருக்கும். டேப்பக்காவுக்கு விலாவில் நெருப்புப் பிடித்தது. நாற்காலியை எடுத்துக்கொண்டாள், சரி. சட்டையை எடுத்துக்கொண்டாள், சரி. பெற்ற மகளின் நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டாள், அதுவும் சரி. இப்போது நல்லவள் என்கிற பெயரையும் இவளே எடுத்துக்கொண்டு போவதா? நாளைக்கு இது வெளியே வந்தால், சின்னவள் எவ்வளவு பெரிய மனசு, மூத்தவள் எப்படிப்பட்டவள் என்றல்லவா பேசுவார்கள். இதை மட்டும் விடக் கூடாது.

கதவைத் தள்ளிக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"அவ பொய் சொல்றா சார்."

மூன்று பேரும் திரும்பினார்கள். சூப்பர்வைசர் அவள் குரலைக் கேட்டு எத்தனை வருடம் ஆகியிருக்குமோ, யார் பேசியது என்பது போல அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"தப்பு அவ கையில இல்ல. என் கட்டுல."

"அக்கா, நீங்க சும்மா இருங்க" என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இரு. எப்பப் பாரு நீயே முந்திக்கற."

டேப்பக்கா இடுப்பிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்தாள். வாய் அதோடு அடைத்துக்கொண்டது. ஆனால் கைக்குப் பேச்சு நிற்கவில்லை. மணிக்கட்டில் வளையல் போல மாட்டியிருந்த டேப் உருளையைக் கழற்றித் தரையில் படுக்கவைத்தாள். பெட்டியை எடுத்து, அதன் நடுவயிறு உருளையின் மேல் இருக்கும்படி வைத்துக் கையை எடுத்தாள். பெட்டி இடப்பக்கமாகத் தொப்பென்று சாய்ந்தது.

கறுப்புக் கண்ணாடி அந்தக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு இவ்வளவு சின்னக் கண்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் பெட்டியைப் பிரித்தாள். மோட்டாரை எடுத்து நடுவில் வைத்து, நாலு பக்கமும் காகிதம் திணித்து மூடினாள். மறுபடி உருளையின் மேல் வைத்தாள். பெட்டி ஆடியது, யோசித்தது, நின்றுவிட்டது. மேலே ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாலும் சிந்தாது போல நின்றது.

"மாட்டு" என்றாள் சின்னவளிடம்.

சின்னவள் மாட்டினாள். ட்ரோன் எழும்பியது. முனகவில்லை. தட்டில் வைத்து எடுத்துப் போவதுபோலப் பெட்டியைச் சமமாகக் கொண்டுபோயிற்று. முற்றம், சாலை, தண்ணீர், அக்கரை. திரையில் பச்சை எழுத்து வந்தது. கொஞ்ச நேரத்தில் தையல்காரியிடமிருந்து போன்.

"வந்துடுச்சுங்க. இந்தத் தடவ நான் பேசவே இல்ல, பேசினா போயிடுதுன்னு வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்."

சூப்பர்வைசர் போனை வைத்துவிட்டு டேப்பக்காவைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

இதுதான் அவள் பயந்த கேள்வி. பொய் சொல்லலாம். ஆனால் பக்கத்தில் நிற்கிறவள் மணல் பொட்டலத்தோடு நிற்கிறாள்.

"ரெண்டாவது வாரத்துலேருந்து."

"அவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

அவள் குனிந்து டேப் உருளையை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். சின்னவள் மெதுவாக, "எனக்கும் ரெண்டாவது வாரத்துலேருந்து தெரியும் சார்" என்றாள்.

சூப்பர்வைசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?"

"ஆமா சார்."

"ஒரே சோறுதானே?"

"ஆமா சார்."

"சாப்பிடும்போது வாயத் தொறந்து பேசறதே இல்லையா?"

"எங்க வீட்டுல மத்தவங்கதான் சார் பேசுவாங்க" என்றாள் டேப்பக்கா.

சொல்லாமல் இருந்ததற்கு அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். படித்துக் கையெழுத்துப் போட்டாள். மீதி ஐந்து நாளில் ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. ட்ரோன் நிலைத்தது. நாற்காலியும் பச்சைச் சட்டையும் சின்னவளுக்கே நிலைத்தன. அதைக் கேட்ட அன்று டேப்பக்கா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நல்லது செய்துவிட்டால் எரிச்சல் அடங்கிவிடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனால் கம்பெனிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ட்ரோன் இருக்கும் எல்லாக் கிடங்குகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். ஒவ்வொரு பெட்டியையும் கட்டி முடித்ததும் டேப் உருளையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும், சாயாமல் நின்றால்தான் மேலே அனுப்ப வேண்டும் என்று. வண்டியில் போகும் பெட்டிக்கு இடுப்புக்கட்டு, ட்ரோனில் போகும் பெட்டிக்கு நடுக்கட்டு என்று இரண்டையும் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டினார்கள். ட்ரோன் நிலைத்ததும் பச்சைச் சட்டையோடு எடுத்து அங்கே ஒட்டியிருந்த சின்னவளின் போட்டோவுக்குப் பக்கத்திலேயே, அதைவிட ஒரு விரற்கடை உயரமாக. தலைப்பில் பெரிய எழுத்தில் 'டேப்பக்கா சோதனை' என்று இருந்தது.

மறுநாள் காலை இருவரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் வழக்கமாகச் சன்னல் பக்கம் உட்காருவாள். அன்று டேப்பக்கா முந்திக்கொண்டாள்.

"போர்டுல பார்த்தீங்களாக்கா?" என்றாள் சின்னவள்.

"ம்."

"எழுத்துலயே போட்டுட்டாங்க."

"பார்த்தேன்."

பஸ் இரண்டு நிறுத்தம் கடந்தது. சின்னவள் மடியில் இருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள்.

"எல்லாக் கிடங்குலயும் இனிமே அதான் பேராம். போறவர்றவங்க எல்லாம் கேக்கறாங்க, யாரு டேப்பக்கா, யாரு டேப்பக்கான்னு."

"அப்படியா."

"மண்ணு வெக்கறதும் ஒரு யோசனதானேக்கா. அதப் பத்தி யாரும் ஒரு வார்த்த சொல்லல."

டேப்பக்கா சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல் இருந்தாள். அந்தக் குரலின் அடியில் இருந்தது அவளுக்குப் புதிதில்லை. நாற்பத்தைந்து நாளாக அவள் நெஞ்சுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அதே குரல். இழுத்து முடிவதும், கடைசியில் லேசாக உடைவதும், எல்லாம் அச்சு அசலாக அது. விலாவுக்குக் கீழே, இடப்பக்கத்தில், எத்தனையோ நாளைக்குப் பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டது போல இருந்தது.

அவள் மெல்லச் சின்னவள் பக்கம் சாய்ந்து காதைக் கொடுத்தாள்.

"என்ன சொன்ன? பஸ் சத்தத்துல சரியா கேக்கல."